பழைய ஹொண்டாவின் சில்லுகள்

கடந்த ஆண்டின் தொடக்கத்தில் கனடாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. "மாமா, அப்பாவின்ரை ஹொண்டா இன்னும் உங்களிட்டை இருக்கோ?" என்று கேட்டார், என்னோடு ஒரே பத்திரிகையில் பணியாற்றிய மூத்த செய்தியாளர் ஒருவரின் மகள். இருக்கிறது என்றேன். "ஓடுமோ?" என்பது அடுத்த கேள்வி. ஆடி மாதம் பத்து வயது மகனோடு யாழ்ப்பாணம் வருவதாகவும், அம்மப்பா செய்தி சேகரிக்கப் போன வண்டியில் அவனை ஏற்றிப் பார்க்க விரும்புவதாகவும் சொன்னார். யோசிக்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அது ஹொண்டா சி 50. 'ஹொண்டா பிப்ரி' என்றால் எங்கள் வயதினருக்கு உடனே தெரியும். 49 கன சென்ரிமீற்றர் இயந்திரம், மூன்று கியர், கிளச் பிடி கிடையாது. வேட்டியோடும் ஏறலாம், சேலையோடும் ஏறலாம். 1958இல் ஜப்பானில் அறிமுகமான 'சுப்பர் கப்' குடும்பத்தைச் சேர்ந்தது. 2017இல் அந்தக் குடும்பத்தின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. உலகில் வேறெந்த இயந்திர ஊர்தியும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

நண்பர் அதில் போகாத ஊர் குடாநாட்டில் இல்லை எனலாம். 1990இல் போர் மீண்டும் மூண்டு, பெற்றோல் வருவது நின்றபோது, எல்லோரையும் போல அவரும் மண்ணெண்ணெய்க்கு மாறினார். சிறு போத்தலில் பொத்திப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவேண்டும். புகை கண்ணைக் கரிக்கும். அந்தப் புகை மணத்தோடுதான் அவருடைய செய்திகள் அலுவலகத்துக்கு வந்துசேரும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, நாங்கள் இரு குடும்பங்களும் ஒன்றாகவே புறப்பட்டோம். சனநெரிசலில் இயந்திரத்தை ஓடவிட வழியில்லை. மூட்டைகளை ஏற்றி, பின் கரியரில் ஏழு வயது மகளை இருத்தி, நண்பர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். நாவற்குழியை அண்மித்தபோது பிள்ளை தூங்கிவிட்டாள். அவளுடைய வலது கால் சில்லுக்குள் போனது. (சக்கரத்தை எங்கள் ஊரில் சில்லு என்போம்.) வேட்டியைக் கிழித்துக் குதிக்காலைக் கட்டினோம். இரண்டு கம்பிகள் வளைந்து வெளியே தள்ளி நின்றன. நண்பர் அவற்றைக் கையாலேயே உள்ளே அழுத்திவிட்டு மீண்டும் தள்ளத் தொடங்கினார்.

1996இல் நான் வலிகாமம் திரும்பினேன். அவர் குடும்பத்தோடு வன்னிக்குப் போனார். "தம்பி, இதைப் பார்த்துக்கொள், வந்து எடுக்கிறன்" என்றார். 1998இல் அங்கே காய்ச்சலில் இறந்துபோனார். வண்டி என் வீட்டுப் பின்பத்தியில் நின்றது.

இயந்திரம் பெரிய சிரமம் தரவில்லை. சில்லுகள்தான் கைவிரித்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் அவரே பூசிய அலுமினிய வர்ணத்தின் கீழ் றிம் துருவேறிக் கிடந்தது. ரயரைக் கழற்றினால், கடையில் வாங்கும் றிம் பட்டைக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தார். முறிந்த கம்பிகளைப் பக்கத்துக் கம்பிகளோடு கட்டுக்கம்பியால் பிணைத்திருந்தார்.

சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முதியவரிடம் போனேன். அவர் றிம்மைச் சுத்தியலின் பின்புறத்தால் சுற்றிவரத் தட்டிக் கேட்டார். "ஐயா, றிம் தாங்கும். கம்பியை நம்பாதேங்கோ. புதுசு போடுங்கோ" என்றார். எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் பழையதாகவே இருக்கவேண்டும் என்ற பிடிவாதம். வளைந்த அந்த இரண்டையும் மாத்திரம் எடுத்து வைத்துவிட்டு, மிகுதிக் கம்பிகளையும் றிம்களையும் கொழும்பில் முலாம் பூசும் ஓரிடத்துக்கு அனுப்பினேன்.

கழற்றுமுன் செய்யவேண்டியவற்றை முதியவர் சொல்லித் தந்திருந்தார். ஹப்பின் விளிம்புக்கும் றிம்மின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து எழுத வேண்டும். கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் ஒழுங்கைப் படம்பிடிக்க வேண்டும். ஒரு சில்லுக்கு 36 கம்பிகள், பக்கத்துக்கு 18. அவற்றில் பாதி ஹப் விளிம்பின் உட்புறத்திலிருந்தும் பாதி வெளிப்புறத்திலிருந்தும் புறப்படும். உட்கம்பியின் கழுத்து வளைவு வேறு, வெளிக்கம்பியின் வளைவு வேறு. இரண்டையும் கலந்துவிட்டால் கம்பி விளிம்போடு படிந்து உட்காராது.

றிம்கள் நிக்கலும் குரோமியமும் பூசி, கண்ணாடி போல வந்தன. கம்பிகளும் பளபளத்தன. முதல் நாள் நானே கோத்தேன். பாதிக்கு மேல் போனபின் நிப்பிள்கள் கோணலாக நிற்பதைக் கண்டேன். றிம்மிலுள்ள ஒவ்வொரு துளையும் தனக்குரிய கம்பி வரும் திசையை நோக்கிச் சாய்த்தே துளைக்கப்பட்டிருக்கிறது. நான் றிம்மைப் பக்கம் மாற்றி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கழற்றி மீண்டும் தொடங்கினேன். காற்றடிக்கும் வால்வுத் துளைக்கு மேலே கம்பிகள் விலகி நிற்கவேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். நாற்பது ஆண்டுகள் பிறர் எழுத்தில் பிழை திருத்திய கண்களுக்கு இது ஒரு நல்ல தண்டனை.

அடுத்த நாள் முதியவரின் முன்னிலையில் கம்பிகளை இறுக்கத் தொடங்கினேன். ஒரு கம்பி 'டக்' என்று கழுத்தில் முறிந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. முதியவர் என் கையிலிருந்த நிப்பிள் சாவியை வாங்கி வைத்தார். "வடிவுக்குப் பூசியாச்சு. இனி இது கம்பியில்லை" என்றார். பிறகு படித்தறிந்தேன். துருப் போக்க அமிலத்தில் இடும்போதும் முலாம் பூசும்போதும் கடினமான உருக்கினுள் ஐதரசன் புகுந்துவிடும். அதன்பின் உரிய வெப்பத்தில் வைத்து அதை வெளியேற்றாவிட்டால் உருக்கு நொறுங்கும் தன்மை பெறும். கம்பியின் கழுத்தில் அது ஆபத்து. கீழேயுள்ள கம்பிகள் தூண்களைப் போலப் பாரத்தைச் சுமக்கின்றன என்றே நான் எண்ணியிருந்தேன். மெல்லிய கம்பி அப்படிச் சுமந்தால் வளைந்துவிடும். எல்லாம் முன்கூட்டியே இழுத்து முறுக்கப்பட்டிருப்பதால்தான் சில்லு நிற்கிறது. நிலத்தை நோக்கி வரும்போது ஒவ்வொரு கம்பியின் இழுவையும் சற்றுக் குறைந்து, மேலே போனதும் மீள்கிறது. ஒரு மைல் ஓடினால் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் இது நடக்கும். நொய்ந்த கம்பிகளை நம்பி, பின்னால் ஒரு பிள்ளையை ஏற்ற இருந்தேன்.

இரண்டு சில்லுகளுக்கும் 72 புதிய துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளை வாங்கினேன். நண்பர் நாவற்குழியில் கையால் அழுத்திய சில்லில் அவருடைய கை பட்ட கம்பி ஒன்றும் இனி இராது என்பது வருத்தமாகவே இருந்தது. ஹப்பும் றிம்மும் மிஞ்சின.

இம்முறை முதியவரே நெளிவெடுத்தார். முள்ளுக்கருகே ஒரு கம்பித் துண்டை நாட்டி, சில்லைச் சுழற்றி, முதலில் மேடு பள்ளத்தைச் சரிசெய்தார். பிறகு இடம் வலம் ஆடுவதை. எதையும் ஒரேயடியாக இறுக்கமாட்டார். கால் சுற்று, அதற்கு எதிரே கால் சுற்று. ஹொண்டாவின் கைநூல் இரண்டு திசையிலும் இரண்டு மில்லிமீற்றர் வரை ஆட்டத்தை அனுமதிக்கிறது என்று சொன்னேன். "அது அவைக்கு" என்றார். அவருடைய பார்வை மங்கிவிட்டது. ஆனால் சாவியால் கம்பிகளைத் தட்டிக்கொண்டு போவார். சத்தம் இறங்கும் இடத்தில் கை நின்றுவிடும். ஈற்றில் நிப்பிளுக்கு மேல் நீட்டிய கம்பி நுனிகளை அராவி, புது றிம் பட்டை போட்டு, 2.25-17 ரயரை ஏற்றினோம். 50 கிலோமீற்றர் ஓடியபின் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன், பின்சில்லில் ஐந்து கம்பிகள் தளர்ந்திருந்தன.

ஆடியில் அவர்கள் வந்தார்கள். பிள்ளையாக இருந்தவர் இப்போது நெற்றியோரம் நரைத்த பெண்மணி. வளைந்த இரண்டு கம்பிகளையும் கடதாசியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்; கொடுப்பதா விடுவதா என்று எனக்கே தெளிவில்லை. அவர் கேட்கவும் இல்லை. வண்டியைச் சுற்றிவந்து, இருக்கையைத் தடவிப் பார்த்தார். பின்சில்லின் முன் குந்தியிருந்து சற்று நேரம் பார்த்தார்.

மகன் எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டான். முதலாம் கியரில், நடைவேகத்தில் ஒழுங்கையில் இறங்கினேன். ஒரு கையால் அவனுடைய வலது காலைச் சில்லிலிருந்து அகலப் பிடித்தபடி, ஒழுங்கை முடியும்வரை அவரும் கூடவே ஓட்டமும் நடையுமாக வந்தார்.