டாங்கியில் இருக்கும் நோய்

ஹட்டன், திக்ஓயா, நோர்வூட், நுவரெலியா என்று மலையகத்து கராஜ்களில் பழைய பெற்றோல் வான் ஒன்று நின்றால், பெரும்பாலும் அதன் காபரேட்டர் கழற்றப்பட்டு ஒரு தகர டப்பாவில் ஊறிக்கொண்டிருக்கும். மொரிஸ் மைனர் வானின் எஸ்.யூ. காபரேட்டராகட்டும், வோக்ஸ்வேகன் கொம்பியின் சோலெக்ஸ் ஆகட்டும், எண்பதுகளில் வந்த ஜப்பானிய வான்களில் உள்ளதாகட்டும், சொல்லப்படும் குறை ஒன்றுதான்: ஏற்றத்தில் இழுக்கவில்லை, நின்று நின்று போகிறது. கேட்கப்படும் வேலையும் ஒன்றுதான்: காபரேட்டரைக் கழுவிப் போடுங்கள், பாஸ். ஒரு மணி நேரத்தில் அது முடிந்துவிடும். இரண்டு கிழமையில் அதே வான் அதே குறையோடு திரும்பி வரும், பழி மெக்கானிக் பாஸின் தலையில் விழும். இந்தக் கராஜ்களில் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்து நான் வந்தடைந்த முடிவு இது: காபரேட்டர் நோயைக் காட்டும் இடம் மட்டுமே. நோய் டாங்கியில் இருக்கிறது. டாங்கியைத் திறக்கத் தெரிந்த கை இங்கே இருக்கிறது. திறக்கும் வேலைக்குக் காசு கொடுக்கும் வழக்கம்தான் இல்லை.

கழற்றிய காபரேட்டரே இதற்குச் சாட்சி. மிதவைக் கிண்ணத்தின் அடியில் செம்மண் நிறத்தில் ஒரு படிவு இருக்கும். பழைய பெற்றோல் வற்றினால் வரும் பிசின் மஞ்சளாகவோ கபிலமாகவோ பூச்சுப்போல ஒட்டிக்கொள்ளும், விரலில் பட்டால் பிசுபிசுக்கும். இந்தப் படிவோ தூளாக உதிரும், காந்தத்தை அருகில் கொண்டுபோனால் அநேகமாக அசையும். காபரேட்டரின் உடல் நாகம் அல்லது அலுமினியக் கலவையாலும் ஜெட் பித்தளையாலும் ஆனவை. அவை வெள்ளையாகவோ பச்சையாகவோ அரிக்கலாமே தவிர, சிவப்புத் துருவை உண்டாக்க முடியாது. எரிபொருள் போகும் பாதையில் இரும்புத் தகடு பெரிதாக இருக்கும் இடம் டாங்கி ஒன்றே. வண்டி நிற்கும் விதமும் அதையே சொல்கிறது. நீண்ட ஏற்றத்தில் நின்றுபோகும் வான், பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். பம்ப் இழுக்கும்வரை துருச் சிம்புகள் உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக் கிடந்து, இழுவை நின்றதும் உதிர்ந்து விழுவதால் இப்படி நடக்கிறது. சூட்டில் பெற்றோல் ஆவியாகிக் குழாயை அடைத்தாலும் இதே போலத்தான் தோன்றும். அனுபவமுள்ள பாஸ் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பார்ப்பார், பிறகு குழாயைக் கழற்றி டாங்கிப் பக்கமாகக் காற்றை ஊதிக் காது கொடுத்துக் கேட்பார். குமிழி தடையில்லாமல் கொப்புளித்தால் ஒரு தீர்ப்பு, திக்கித் திணறினால் இன்னொரு தீர்ப்பு.

மலை உயரம் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்புக்கு ஏற்ற ஜெட்டோடு மேலே வரும் காபரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. அது பழைய கணக்கிலேயே பெற்றோலை ஊற்ற, கலவை கிட்டத்தட்ட பத்து வீதம் தடித்துப்போகும், பிளக் கறுக்கும், புகை கறுக்கும். ஜெட்டின் துளையைத் துரு கொஞ்சம் அடைத்திருந்தால் பெற்றோல் குறைந்து கலவை மெலியும். உயரம் தடிப்பாக்க, துரு மெலிதாக்க, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். அதனால் நுவரெலியாவில் நன்றாக ஓடுகிற வான், கினிகத்தேனை இறங்கி கித்துள்கல வரை போய்விட்டுத் திரும்பி ஏறும்போது, தடித்த காற்றில் கலவை மேலும் மெலிந்து இருமத் தொடங்குகிறது. உரிமையாளர் கீழே போட்ட பெற்றோலைக் குறை சொல்வார். உண்மையில் மேலே இருந்தவரை உயரம் துருவை மறைத்து வைத்திருந்தது. இதை விளங்கிக்கொள்ளாமல் காபரேட்டரின் கலவைத் திருகை மட்டும் திருகினால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாகிவிடும்.

டாங்கிக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? பகலில் சூடாகும் டாங்கி இரவுக் குளிரில் ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் கொழுந்து உறைபனியில் கருகும் அளவுக்குக் குளிர் இறங்கும். பெற்றோல் படாத மேல் தகட்டில் அந்த ஈரம் வியர்க்கும். ஓர் இரவில் வியர்ப்பது சில துளிகள்தானே, அதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வியர்வை மட்டுமே காரணம் என்று நானும் நம்பவில்லை. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அதன் வழியாக இறங்கும் மழை இதைவிடப் பெரிது. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரை எட்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும். ஆனால் எந்த வழியாக வந்தாலும் தண்ணீர் பெற்றோலைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கும், வண்டி நின்றால் அங்கேயே கிடக்கும். வான் நிற்கும் காலமும் மழைக் காலமும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக்கில் முடிகிறது. அதுவரை ஹட்டன் ரயில் நிலையத்திலிருந்து நல்லதண்ணிக்கு ஹயர் ஓடும் வான்கள், தென்மேற்குப் பருவமழை இறங்கும் மே மாதத்தில் வேலை குறைந்து நிற்கத் தொடங்குகின்றன. அன்றன்று கிடைத்த காசுக்கு அன்றன்று பெற்றோல் அடித்தவரின் டாங்கி கால்வாசிதான் நிறைந்திருக்கும். மீதி முக்கால்வாசித் தகடு ஈரத்துக்கு விடப்பட்டது. 2022இன் எரிபொருள் நெருக்கடி இதைப் பொதுவாக்கியது. யூன் இறுதியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, பெற்றோலைப் பங்கிடும் கியூ.ஆர். முறை வந்தபோது வான் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தொடங்கியது. வரிசையிலும் வீட்டு வாசலிலும் நாட்கணக்கில் நின்ற டாங்கிகள் பல, தங்கள் துருவை அந்த மாதங்களில்தான் சேர்த்துக்கொண்டன.

டாங்கி வேலை எளிதானதல்ல. கீழே படுத்து இறுகிய பட்டிகளைத் தளர்த்தி இறக்க வேண்டும். பெற்றோலை வடித்தபின் வெற்று டாங்கி நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது, உள்ளே நிற்பது ஆவி. கழுவி, தண்ணீர் நிரப்பி ஆவியை வெளியேற்றாமல் ஒட்டுவேலைக்கு நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. பிறகு சங்கிலித் துண்டையோ நட்டுகளையோ உள்ளே போட்டுப் புரட்டிப் புரட்டிக் குலுக்க வேண்டும். தோள் விட்டுப்போகும் வேலை இது, பெரும்பாலும் பழகும் பையன்களின் தலையில் விழும். அடுத்தது அசிட். கழிவறைக்கு ஊற்றும் அசிட் மலிவு, துருவை வேகமாகத் தின்னும். கூடவே நல்ல தகட்டையும் தின்று, கழுவி முடித்த ஒரு மணி நேரத்தில் புதுத்துருவை மஞ்சளாகப் பூக்கவைக்கும். பொஸ்பாரிக் அசிட் மெதுவாக வேலை செய்யும், ஆனால் தகட்டின்மேல் ஒரு காப்பையும் விட்டுப்போகும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு மென்மையான புளிப்பு பொறுமையாக என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. கடைசிச் சிக்கல் காயவைப்பது. பனிமூட்டம் விலகாத ஊரில் வெயிலை நம்ப முடியாது. ஸ்பிரிட் ஊற்றி அலசிச் சூடான காற்றை ஊத வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே காபரேட்டரைத் தொட வேண்டும். ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெடும். பெரிய ஜெட்டுக்கு ஈர்க்கு நுனி, சின்ன ஜெட்டுக்குத் தங்கூசி நரம்பு, பிறகு காற்று. துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்ப்பதோடு அந்தச் சோதனை முடியும்.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் புதுக் காபரேட்டர் வாங்கிப் பூட்டிவிடலாமே என்பார்கள். பூட்டலாம், டாங்கி பழையதாக இருந்தால் அதே தூள் புதிய ஜெட்டிலும் உட்காரும். வடிகட்டி ஒன்று போட்டால் போதாதா? மாவுபோன்ற துருத்தூள் மலிவான காகித வடிகட்டியைத் தாண்டும், சிம்புகளோ அதை ஒரே ஏற்றத்தில் அடைத்துவிடும். வடிகட்டி காவல்காரர் மட்டுமே. இன்னும் வலுவான மறுப்பு, இந்தப் பழைய வண்டிகளை ஏன் கட்டி அழ வேண்டும், இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு மாறலாமே என்பது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் தனியாருக்கு மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வான்களின் விலையும் ஏறியது. ஹயர் ஓடிப் பிழைப்பவருக்கு மாறுவது நினைத்ததும் முடிகிற காரியமல்ல. அதோடு இன்ஜெக்‌ஷன் வண்டியும் துருவிலிருந்து தப்புவதில்லை. அதன் பம்ப் பெரும்பாலும் டாங்கிக்குள்ளேயே இருக்கிறது, அதன் இன்ஜெக்டர் துளைகள் காபரேட்டர் ஜெட்டைவிட நுண்ணியவை. பழைய வண்டிகளின் புகையைக் காரணம் சொல்பவர்களின் கவலையையும் நான் மதிக்கிறேன். 2008இல் புகைப் பரிசோதனை தொடங்கியதிலிருந்து வருமான அனுமதிப்பத்திரத்துக்கு அதில் தேற வேண்டியிருக்கிறது. துருவை நீக்கி, உயரத்துக்கு ஏற்ப ஜெட்டைச் சரிசெய்த வண்டிக்கு அதில் தேறும் வாய்ப்பு அதிகம். துருவை மறைக்கத் திருகைத் தளர்த்திய வண்டிதான் தவறும்.

டாங்கியை எப்போதும் நிரப்பி வையுங்கள் என்ற அறிவுரை கைநூல்களில் இருக்கிறது. ஹயர் நின்ற மாதத்தில் அதற்குக் காசு எங்கே என்ற பதில் முழுக்க நியாயமானது. அப்படிக் கேட்பவருக்கு வேறு வழி உண்டு: வெசாக் முடிந்த கிழமையில் டாங்கியை முழுவதுமாக வடித்து, உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஒயில் சுழற்றிவிட்டு, மூடிக்குப் புது ரப்பர் வளையம் போட்டு, காபரேட்டர் கிண்ணத்தையும் காலிசெய்துவிடலாம். வடித்த பெற்றோலைத் தெளியவிட்டால் மேலே நிற்பது முச்சக்கரவண்டி ஓட்டும் மச்சானுக்குப் பயன்படும். இதற்கு அரை நாள் கூலி போதும். துரு ஏறிய பிறகு இறக்கிக் கழுவுவது இரண்டு நாள் வேலை, அந்த இரண்டு நாளையும் காபரேட்டர் கழுவும் ஒரு மணி நேரக் கூலிக்குள் அடக்கச் சொல்வது அநியாயம். வடித்ததிலிருந்து கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஓர் இரவு அசையாமல் வைத்தால், காலையில் அடியில் தண்ணீர் தனியாகவும் அதற்குள் செந்தூள் தனியாகவும் படிந்திருக்கும். கூலி பேச வரும் உரிமையாளருக்கு முன்னால் அந்தப் போத்தல் இருக்கட்டும்.