சிறு காரியத்திலும் கிருபை

சபையில் பேச நாம் கூச்சப்படும் ஒரு சிறு காரியத்தை எழுதத் துணிகிறேன்.

பிழைப்பிற்காக நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்து, கிழக்கேகோட்டைக்கு அருகே வாடகை வீட்டில் குடியிருந்தபோது எங்கள் மூத்த மகள் பிறந்தாள். தேவ கிருபையால் பால் குறைவின்றிச் சுரந்தது. ஆனால் ஆராதனையில் எந்தக் குழந்தை அழுதாலும் எனக்குப் பால் கசிந்து சேலை நனைந்துவிடும். வெட்கத்தினால் மூன்று ஞாயிறுகள் சபைக்குச் செல்லவில்லை. பால் கொடுப்பதையே நிறுத்திவிடலாமா என்றும் எண்ணினேன்.

உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் வட்டத் துணிகளை வாங்கினேன். கடையில் நர்சிங் பேட் என்பார்கள். நான்கைந்து சலவைக்குள் அவை சுருங்கி, ஓரம் சுருண்டு, நழுவத் தொடங்கின.

அந்நாட்களில் எங்கள் சபையின் மூத்த சகோதரி ஒருவர் ஜெபிக்க வந்தார். தையல் அறிந்தவர். கொடியில் கிடந்ததை எடுத்துப் பார்த்து, "முறுக்கிப் பிழிகிறாயோ, மகளே?" என்றார்.

மறுநாள் சாலைக் கடைத்தெருவில் பருத்தி ஃபிளானல் வாங்கிவந்து கற்றுக்கொடுத்தார். நெசவில் இழுபட்ட பருத்தி நூல் முதல் சலவைகளில் சுருங்கும். ஓர் அடுக்கு அதிகமாகவும் மற்றது குறைவாகவும் சுருங்கினால் ஓரம் சுருளும். ஆகவே வெட்டுமுன் எல்லாத் துணியையும் வெந்நீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் வட்டமாக நான்கு அடுக்கு வெட்டி, ஓரத்திலிருந்து நடுவரை ஒரு வெட்டு விட்டு, அதன் விளிம்புகளைச் சற்று மேலேற்றித் தைத்தால் கிண்ணம்போல் குழியும், உடம்போடு பொருந்தும். அடுக்குகள் நகராதபடி உட்புறம் ஒரு சுற்றுத் தையல் போடவேண்டும்.

கழற்றியவுடன் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். முதலிலேயே வெந்நீர் பட்டால் பாலின் புரதம் நூலில் படிந்துவிடும். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். முறுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தி, கையால் வடிவம் திருத்தி, சமதளத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். நீர் புகாத மேலடுக்கு உள்ளவற்றை இஸ்திரி போடலாகாது.

இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் மறுமழை. ஈரம் போகாத துணியை வைத்தால் பூஞ்சை பற்றி மார்பு புண்ணாகலாம். ஆதலால் கூடுதலாகச் சில ஜோடிகள் தைத்து, மின்விசிறியின்கீழ் முற்றும் உலர்த்தினேன். நனைந்ததை உடனே மாற்றினேன்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்னாளும் சாமுவேலைப் பால் மறக்கும்வரை வீட்டிலேயே வைத்து வளர்த்தாள். நானும் நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஒரு குழந்தை அழுதது. நான் தாழ்த்தாமல் இரு கைகளையும் உயர்த்தித் துதித்தேன்.

பிரியமானவர்களே, கைக்குழந்தையோடு ஒரு சகோதரி சில வாரங்களாகச் சபைக்கு வரவில்லையென்றால், பின்மாற்றம் என்று தீர்த்துவிடாதீர்கள். வீட்டிற்குச் சென்று விசாரியுங்கள். ஜெபத்தோடு ஒரு மீட்டர் துணியும் கொண்டுபோங்கள்.