செய்கூலி

என் கல்யாணத்துக்கு அப்பா போட்டது முப்பது பவுன். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே அது பேசி முடிவாகியிருந்தது. நாலு வருடம் கழித்து அந்த வீட்டைவிட்டு நான் வெளியே வந்தபோது, காதில் கிடந்த தோடு மட்டும் என்னோடு வந்தது. ‘எத்தனை பவுன் போச்சு?’ என்று எல்லோரும் கேட்டார்கள். அந்த நாலு வருடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு என் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் நகை ஒரு பழைய கேமியோ புரூச். வேலைக்காக லண்டனில் இருந்தபோது, போர்ட்டபெல்லோ சாலையின் சனிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. செம்பழுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். சுற்றிலும் மெல்லிய தங்க விளிம்பு. கடை வைத்திருந்த வயதான அம்மா அதை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஓட்டுக்குள் வெளிச்சம் ஊடுருவியது. உளி எங்கே ஆழமாகப் போயிருக்கிறது என்பது பின்பக்கத்திலிருந்தே தெரிந்தது.

இதற்குப் பெரும்பாலும் காசிஸ் இனத்துக் கடற்சங்கைத்தான் எடுக்கிறார்கள். மேலே வெள்ளை அடுக்கு, அடியில் பழுப்போ ஆரஞ்சோ. வெள்ளையில் உருவத்தை நிறுத்திவிட்டு மீதியைச் சுரண்டி எடுத்தால், அடியில் இருக்கும் நிறம் பின்னணியாகிவிடும். வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கும் டோரே டெல் கிரேக்கோ இந்த வேலைக்குப் பேர்போன ஊர். ஓட்டுத் துண்டை ஒரு குச்சியின் நுனியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, சின்ன உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குகிறார்கள். ஒரு கீறல் கூடுதலாகப் போனால் மூக்கு போய்விடும்.

என் புரூச்சின் தங்கம் 15 காரட். 1854 முதல் 1932 வரை பிரிட்டனில் இருந்த தரம். நம்மூர் அடகுக்கடையில் கொடுத்தால் ஓட்டின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்தை நிறுப்பார்கள். பழைய நகையை விற்கப் போகும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது என்பது நமக்குத் தெரிந்ததுதான். கை செய்த வேலை தராசில் ஏறாது. கேமியோவில் தங்கம் கொஞ்சம், மீதி ஓடு. செய்கூலிதான் நகையே.

அந்த வீட்டில் நாலு வருடம் ஆக்கிப் போட்டேன். படுக்கையில் கிடந்த மாமனாருக்கு மலம் அள்ளினேன். பிரிவைப் பேச உட்கார்ந்த பெரியவர்கள் பவுன் கணக்கை மட்டும்தான் எடுத்தார்கள். இதை ஒரு கணக்காகச் சொல்ல அன்று எனக்கே தோன்றவில்லை.

நாம் எண்ணும் பவுனுக்குப் பின்னாலும் ஒரு கேமியோ கலைஞர் இருக்கிறார். சவரன் என்ற சொல் பிரிட்டிஷ் தங்கக் காசிலிருந்து வந்தது. 1817இல் வந்த அந்தக் காசில் குதிரைமேல் அமர்ந்து டிராகனை வீழ்த்தும் புனித ஜார்ஜை உருவாக்கியவர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி. ரோமில் பிறந்த கேமியோ செதுக்குநர். அவருடைய மகள்கள் எலேனாவும் மரியா எலிசாவும் அதே தொழிலைச் செய்தார்கள். அப்பாவின் ஜார்ஜ் இன்றும் சவரன் காசில் இருக்கிறார். மகள்களின் பெயர் தேடிப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் புரூச்சைக் கொடுத்தேன்.

“எத்தனை பவுன்டி?”

“ஒரு பவுன்கூட வராதும்மா.”

அம்மாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள். வேலையைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும்.

“முடியை இழை இழையா எடுத்திருக்கா பாரு. கண்ணு என்ன பாடு பட்டிருக்குமோ.”

செதுக்கியது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. பின்பக்கம் பெயர் எதுவும் இல்லை. நான் அம்மாவைத் திருத்தவில்லை. என் சேலையின் தோள் மடிப்பைச் சரிசெய்து, அதை அவளே குத்திவிட்டாள்.