ஜன்னலோரத்து நாற்றுகள்

பிழைப்புக்காகப் பட்டணத்தில் வந்து குடியேறிய நம்மில் அநேகர், ஜன்னலோரத்தில் நாலு காய்கறிச் செடி வளர்த்துப் பார்த்திருப்போம். விதை முளைத்தபோது மகிழ்ந்திருப்போம். மூன்றாம் வாரத்தில் நாற்றுகள் துவண்டு விழுந்தபோது, "ஊர் மண் வேறு, இந்த மண் வேறு" என்று சொல்லி நம்மைத் தேற்றிக்கொண்டிருப்போம். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். குறை மண்ணில் அல்ல, வெளிச்சத்தில் என்பதை எனக்கு உணர்த்திய ஒரு குளிர்காலத்தைக் குறித்து உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2023-ஆம் ஆண்டு மாமா காலமான பின்பு, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்து வீட்டை விற்றுவிட்டு, என் மாமியார் தில்லியில் எங்களோடு வந்து தங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த பெட்டியில் பழைய சேலைத் துணியில் முடிந்த கத்தரி விதைகள் இருந்தன. நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் கொல்லையில் விளைந்த காயிலிருந்தே எடுத்து எடுத்துச் சேர்த்து வைத்த விதை. கொல்லை கைமாறிவிட்டது; அந்த முடிச்சு மாத்திரம் மீந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஏறக்குறைய நாற்பது விதைகள்.

டிசம்பர் கடைசியில் பாதி விதைகளைக் குழித்தட்டில் விதைத்தேன். வெளியே கடுங்குளிர்; ஆகையால் தட்டை வரவேற்பறை அலமாரியின்மேல், டியூப் லைட்டுக்கு எதிரே வைத்தேன். அறை பகல்போல் பிரகாசமாகத்தான் இருந்தது. முளைத்து ஒரு வாரத்துக்குள் நாற்றுகள் விரலளவு உயர்ந்துவிட்டன. "அத்தை, பாருங்கள், எவ்வளவு வேகமாக வளர்கின்றன!" என்று தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்கள் மகிழவில்லை. "நீ வளர்ச்சியைப் பார்க்கிறாய், மகளே. அது வெளிச்சத்தைத் தேடி அலைகிறதை நான் பார்க்கிறேன்" என்றார்கள்.

பத்தே நாளில் நூல்போன்ற அந்தத் தண்டுகள் மண்மட்டத்தில் அழுகி, ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. ஒன்றும் மிஞ்சவில்லை. அத்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மீதி விதையை மறுபடியும் முடிந்து பெட்டியில் வைத்துவிட்டு, பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்கள். கடிந்திருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும்.

அன்பானவர்களே, இங்கே நம்மை ஏமாற்றுவது நம்முடைய கண்களே. மங்கின இடத்தில் கண்மணி விரிந்து, குறைந்த ஒளியையும் போதுமானதாய்க் காட்டிவிடுகிறது. உச்சிவெயிலில் வெளியே ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஒளி உண்டு. டியூப் லைட் எரியும் நம் அறையிலோ பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ்தான். நாம் படிக்க அது போதும். இலை தனக்கு உணவு சமைக்கப் போதாது.

ஒளி குறைந்தால் நாற்று என்ன செய்கிறது? தன்னிடமுள்ள சிறிதளவு உணவையும் தண்டை நீட்டுவதிலேயே செலவழிக்கிறது. மண்ணுக்கடியில் புதைந்த முளைக்கு இந்த சுபாவம் உயிர் காக்கும். சற்றே நீண்டால் வெளிச்சம் கிடைத்துவிடும். அறைக்குள்ளோ எவ்வளவு நீண்டாலும் வெளிச்சம் கிடைப்பதில்லை. நான் வளர்ச்சி என்று எண்ணியது பசியின் அடையாளமே.

பிப்ரவரி முதல் வாரத்தில் அத்தையின் அனுமதியோடு மீதி விதைகளை விதைத்தேன். இந்த முறை, அவர்கள் சொல்லியும் நான் விசாரித்தும் அறிந்த அடையாளங்களைத் தினமும் கவனித்தேன்.

முதலாவது, தண்டு. மண்ணுக்கும் வித்திலைகளுக்கும் இடையேயுள்ள பகுதி இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நின்று தடித்தால் நலம்; வெளிறி நீண்டுகொண்டே போனால் ஒளி போதவில்லை.

இரண்டாவது, சாய்வு. நாற்று ஜன்னலை நோக்கி வளைந்தால், ஒரு பக்கத்து ஒளி மாத்திரமே கிடைக்கிறது என்று பொருள். தட்டைத் தினமும் திருப்பி வைப்பது நல்லதே. ஆனால் அதனால் சாய்வு மறையும், பற்றாக்குறை மறையாது.

மூன்றாவது, இலை. அடுத்தடுத்த இலைகள் நெருங்கி, அடர்ந்த பச்சையாய் வரவேண்டும். இடைவெளி அதிகமாகி, இலை சிறுத்து வெளிறினால் எச்சரிக்கையாயிருங்கள். ஆனால் இலை மஞ்சளாவதற்குத் தண்ணீர் தேங்குவதும், உரக்குறையும்கூடக் காரணமாகலாம். ஆகவே ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

நான்காவது, மண்ணின் ஈரம். ஒளி குறைந்த நாற்று தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும். மண் நாட்கணக்கில் காயாமல் கிடந்தால் நாற்றழுகல் நோய் பற்றிக்கொள்ளும். என் முதல் தட்டு அழிந்தது இப்படித்தான்.

இன்னுமொரு எளிய சோதனை உண்டு. நண்பகலில் நாற்றுக்கு ஓர் அடி மேலே உங்கள் கையை நீட்டுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரியும் நிழல் விழுந்தால் அது நல்ல வெளிச்சம். நிழல் கலங்கலாய் விழுந்தால் சுமார். நிழலே தெரியாவிட்டால் காய்கறி நாற்றுக்கு அந்த இடம் ஆகாது.

தில்லியில் டிசம்பர் இறுதியின் உச்சிவேளையில் சூரியன் தெற்கே சுமார் 38 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. சென்னையில் அது 53 பாகைக்கும் மேல். வெயில் தாழ்ந்து வருவதால், தெற்கு ஜன்னல் உள்ளவர்களுக்கு அது அறைக்குள் ஆழமாய்ப் பாயும். எங்கள் வீட்டில் தெற்கு ஜன்னல் அத்தையின் அறையில்தான் இருந்தது. பக்கத்துக் கட்டடத்துக்கு மேலாக மூன்று மணி நேரம் வெயில் வரும். அங்கே தட்டை வைத்தோம். மூடுபனி நாட்களுக்காக, சாதாரண வெள்ளை எல்.இ.டி. டியூப் ஒன்றைக் கயிற்றில் கட்டி, நாற்றுகளுக்கு அரை அடிக்குள்ளாகத் தொங்கவிட்டோம். விளக்கு விலக விலக ஒளி விரைவாய்க் குறைந்துபோகும்; ஆகவே நாற்று உயர உயர விளக்கையும் உயர்த்தினோம். பகலும் மாலையுமாய் 14 மணி நேரம் எரியவிட்டு, இரவில் அணைத்தோம்.

அணைக்கும் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார்கள். அதுவரை படுக்கையே கதியென்று கிடந்தவர்கள், காலையில் திரையை விலக்கவும், நண்பகலில் கையை நீட்டி நிழல் பார்க்கவும் எழுந்தார்கள். வெயில் வரும் அந்த மூன்று மணி நேரமும் தட்டின் அருகே நாற்காலி போட்டு அமர்ந்தார்கள். அவர்கள் வந்தநாள்முதல் அந்த ஜன்னலின் திரை மூடியே கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை.

பதினான்கு நாற்றுகள் முளைத்தன. குட்டையாய், ஊதா சாயலுள்ள தண்டோடு நின்றன. மார்ச் மாதத்தில் முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று பத்து நாள் வெளிவெயிலுக்குப் பழக்கினோம். திடீரென்று வெயிலில் வைத்தால் இலை வெந்து வெளுத்துவிடும். பதினொன்று பிழைத்தன. மூன்றை மாத்திரம் எங்கள் மாடியில் தொட்டிகளில் நட்டு, மற்றவற்றைச் சபையிலுள்ள குடும்பங்களுக்குக் கொடுத்தோம்.

மே கடைசியில் முதல் காய் கிடைத்தது. ஒரு காயை மாத்திரம் அத்தை பறிக்க விடவில்லை. அது மஞ்சளாய்ப் பழுக்குமட்டும் காத்திருந்து, விதை எடுத்துக் கழுவி, உலர்த்தி, அதே சேலைத் துணியில் முடிந்தார்கள்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் வேகமாய் உயருகிறதைக் கண்டு மகிழும்முன் தண்டைத் தொட்டுப் பாருங்கள். நண்பகலில் கையை நீட்டி நிழலைப் பாருங்கள். அப்படியே, எந்த அறையின் திரை மூடிக் கிடக்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.