செய்தி வாசித்த குரல்

நேற்று இரவு மறுபடியும் 'மகாநதி' பார்த்தேன். சிறைக்குள் கமலுக்குத் துணையாக இருக்கும் பஞ்சாபகேசன் பேசத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் குரல் மட்டுமே போதுமாக இருந்தது.

பூர்ணம் விஸ்வநாதன். 1947 ஆகஸ்ட் 15 அன்று, நாடு விடுதலை பெற்ற செய்தியை டெல்லி வானொலியிலிருந்து தமிழில் வாசித்தவர். நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது. ஊருக்கு ஒரு ரேடியோகூட இல்லாத காலம். எங்கோ இருந்த ஒரு ரேடியோவைச் சுற்றிக் கூடி நின்றவர்களுக்கு வாசிப்பவரின் முகம் தெரியாது. குரல்தான் எல்லாம்.

முகம் தெரிந்தது பிறகுதான், மேடையிலும் திரையிலும். சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தை மேடையேற்றி, எதிர்காலத்திலிருந்து வந்தவனிடம் மாட்டிக்கொண்ட ஓய்வுபெற்ற மனிதராக நடித்தார். 'வருஷம் 16' படத்தின் தாத்தாவை யார் மறப்பார்கள்?

எனக்கு மிகப் பிடித்தது 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980). பாட்டு வித்வானான அப்பா, வேலை தேடி டெல்லிக்குப் போன மகனை முடிதிருத்தும் கடையில் பார்க்கிறார். பெரிய வசனம் பேசியிருக்கலாம். அவரோ முகத்தாலேயே நொறுங்கிப்போவார். குரலை வைத்தே வாழ்ந்த ஒருவருக்கு, எங்கே பேசக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது.

2008-இல் காலமானார். கதாநாயகர்களின் பிறந்தநாளை மறக்காத நாம், இவரைப் போன்றவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாம். பூர்ணத்தை மேடையில் பார்த்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.