பைப்பு ஊரில் ஒரு பகல்

பிரான்சு தேசம் வரை போய்விட்டுப் பாரீசைப் பார்க்காமல் வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஈஃபில் கோபுரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தது போதும். நான் பார்த்தது ஜூரா மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் ஒடுங்கிக் கிடக்கும் சான் குளோத் என்ற ஊரை. துரைமார்கள் வாயில் வைத்துப் புகைவிடுவார்களே, அந்த மரப் பைப்புக்குப் பெயர்போன ஊர் அது.

என் அண்ணன் மகள் ஜெனீவாவில் தாதியாக வேலை பார்க்கிறாள். ஜூன் மாதப் பள்ளி விடுமுறைக்கு அவளிடம் போயிருந்தேன். சான் குளோத் என்றதும், "அத்தை, ஏரி இருக்கு, சாக்லேட் கடை இருக்கு, அதை விட்டுட்டுப் பைப்பா?" என்று சிரித்தாள். ஆனாலும் லீவு போட்டு, காரில் அழைத்துப் போனாள்.

ஜெனீவாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் ஃபோசில் கணவாய் குறுக்கே நிற்கிறது. 1,323 மீட்டர் உயரம். நம் கேமரன் மலையின் தானா ராத்தாவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. வளைந்து வளைந்து ஏறும்போது தாப்பா சாலை ஞாபகம் வந்தது, வயிற்றைப் புரட்டுவது உட்பட. உச்சியில் நின்று திரும்பினால், ஏரிக்கு அப்பால் மோன் பிளாங் சிகரம் வெள்ளை வேட்டி விரித்தாற்போல் தெரிகிறது. அப்புறம் இறக்கம். பசுமாடுகளின் கழுத்து மணி, ஊசியிலை மரங்கள், மரப்பலகை அடித்த வீடுகள்.

ஊர் இருக்கும் இடம் விசித்திரமானது. பியென், தாக்கோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் ஆழமான பள்ளத்தாக்கு. சமதரை கிடையாது. மலைச்சரிவில் வீட்டின் மேல் வீடு அடுக்கினாற்போல் இருக்கிறது. தெருவுக்குத் தெரு படிக்கட்டு. நம் லயத்துக்காரர்கள் பார்த்தால், "இங்க சைக்கிளு ஓட்ட முடியாதே" என்றுதான் முதலில் சொல்வார்கள்.

இந்தப் பள்ளத்தில் விவசாயத்துக்கு நிலம் கொஞ்சம், குளிர்காலமோ நீளம். பனி விழும் மாதங்களில் ஜனங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து மரம் கடைந்தார்கள். ஊரில் பெரிய மடமும் ஒரு புனிதரின் சமாதியும் இருந்ததால் யாத்திரிகர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஜெபமாலை மணிகள் கடைந்து விற்றார்கள். ஆற்றுத் தண்ணீரே கடைசல் சக்கரத்தைச் சுற்றியது. இப்படிக் கை பழகியிருந்த ஊருக்கு 1850-களில் ஒரு புதிய மரம் வந்து சேர்ந்தது. அதற்குப் பிரெஞ்சில் புரூயேர் என்று பெயர். ஆங்கிலேயர் வாயில் அது பிரையர் ஆனது.

மரம் என்று சொன்னேனே தவிர, அது மத்தியதரைக் கடலோரம் வறண்ட மலைகளில் வளரும் ஒரு புதர்ச்செடி. வேருக்கும் தண்டுக்கும் நடுவே, மண்ணோடு மண்ணாக ஒரு முண்டு விளையும். காட்டுத் தீயில் மேல்செடி கருகிப் போனாலும் இந்த முண்டிலிருந்து மறுபடியும் துளிர்க்குமாம். நெருப்பைத் தாங்குவதற்கென்றே விளைந்த கட்டை! அதைத் தோண்டி எடுத்து, காயவிடாமல் ஈரத்தில் வைத்து, துண்டு துண்டாக அறுத்து, பல மணி நேரம் தண்ணீரில் வேகவைத்துச் சாற்றை எடுத்து, மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் நிழலில் உலர்த்துகிறார்கள். அதன் பிறகுதான் கடைசல். நல்ல முண்டு விளையப் பல பத்து ஆண்டுகள் ஆகும். நாம் பால்மரத்தையே இருபத்தைந்து முப்பது ஆண்டில் வெட்டி மறுநடவு செய்துவிடுகிறோம்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் பைப்புக்கும் வைரத்துக்குமாக ஒரு காட்சியகம் இருக்கிறது. வைரம் பட்டை தீட்டுவதும் இவ்வூரின் பழைய தொழில்தான். அதை வேகமாகத் தாண்டிவிட்டோம். பைப்புகளின் முன்னால்தான் நேரம் போனது. மனிதத் தலை, நாய்த் தலை, கப்பல், காலணி என்று எத்தனை வடிவம்! லண்டன் பைப்பு என்று துரைமார் பெருமை பேசியதில் பாதி கதையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. கொமோய் என்ற இவ்வூர்க் குடும்பத்தைச் சேர்ந்த ஆன்ரி என்பவர் 1879-ல் லண்டனுக்குப் போய்ப் பட்டறை போட்டார். அந்தக் குடும்பமும் ஷப்புயி குடும்பமும் சேர்ந்ததில் பிறந்த பெயர்தான் ஷாக்கோம். இன்றைக்கும் அந்தப் பெயரில் பைப்பு வருகிறது.

இனி நான் ஏன் போனேன் என்று சொல்லவேண்டும். என் கைப்பையில், துண்டில் சுற்றிய பழைய பைப்பு ஒன்று இருந்தது. என் தாத்தா, அப்பாவின் அப்பா, பங்களாவில் வேலை செய்தவர். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பியபோது தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது. தாத்தா ஒரு நாளும் அதை வாயில் வைத்ததில்லை. டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். "தங்கத்துக்குச் சமம், சீமைச் சாமான்" என்பார். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, எல்லாரும் மலிவு வீட்டு அடுக்குமாடிக்குப் போனபோது, அம்மிக்கல்லை விட்டுவிட்டு வந்த அம்மா இந்தப் பெட்டியை விடவில்லை. அண்ணனோ, "அவன் எச்சிப் பைப்பை எதுக்கு மூணு தலைமுறை காக்கணும்? தூக்கிப் போடு" என்பான். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் உண்டு. வருடா வருடம் தீபாவளிக்கு வீடு கழுவும்போது இந்தச் சண்டை வரும். அதன் அடிப்புறத்தில் தேய்ந்த எழுத்தில் சான் குளோத் என்று இருந்தது.

ஒரு சின்னப் பட்டறைக் கடைக்குள் நுழைந்தோம். வேலையை விட்டு ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் பேச்சுத் துணைக்கு அங்கே உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் கடைசலில் நின்றவராம். பைப்பை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிண்ணத்தை முகர்ந்தார், விரலை விட்டுத் தடவினார், வெளிச்சத்தில் திருப்பினார். அண்ணன் மகள் மொழிபெயர்த்தாள்.

"சாதாரணப் பைப்பு, மதாம். டஜன் டஜனாகச் செய்து கப்பலேற்றியது. ஆனால் இதை வைத்திருந்த ஆளுக்குப் புகைக்கத் தெரியவில்லை."

தங்கமில்லை என்று மனசு கொஞ்சம் சுருங்கியது உண்மை. ஆனால் துரைக்குப் புகைக்கத் தெரியவில்லை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் கருகியிருப்பதைக் காட்டினார். அணைந்து அணைந்து போக, தீக்குச்சியை விளிம்பிலேயே வைத்து இழுத்திருக்கிறார். உள்ளே அடியில் கரி படியவே இல்லை. பாதி கிண்ணத்தோடு கைவிட்டிருக்கிறார்.

பிறகு அவர் தம் பைப்பை எடுத்துப் பாடம் நடத்தினார். ஆசிரியைக்கே பாடம்! புகையிலையை முதலில் உதிர்க்கவேண்டும். ரொம்ப ஈரமாக இருந்தால் எத்தனை குச்சி கிழித்தாலும் நிற்காது. ரொம்பக் காய்ந்தால் வைக்கோல்போல் எரிந்து நாக்கைச் சுட்டுவிடும். மூன்று தடவையாக நிரப்ப வேண்டும். முதல் தடவை குழந்தை கையால் அமுக்குவதுபோல், அடுத்தது பெண் கையால், கடைசியில் ஆண் கையால் என்று ஒரு சொல்வழக்கு அவர்களிடம் உண்டு. (தினம் நானூறு ஐந்நூறு மரம் சீவிய எங்கள் தோட்டத்துப் பெண்களின் கையை அவர் பார்த்ததில்லை, பாவம்.) பற்றவைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பார்க்கவேண்டும். உறிஞ்சுகுழலில் தண்ணீர் குடிப்பதுபோல் காற்று லேசாகத் தடுத்து வரவேண்டும்.

தீக்குச்சி கிழித்ததும் உடனே வைக்கக்கூடாது; மருந்து எரிந்து தீரட்டும். சுடரை மேலே வட்டமாகச் சுற்ற வேண்டும். முதல் பற்றலில் புகையிலை புஸ்ஸென்று மேலெழும்பும். பலர் அதையே பற்றிக்கொண்டது என்று நினைத்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள், அது அணைந்துவிடும். எழும்பியதை அமுக்குக் கட்டையால் மெல்லத் தட்டிச் சமப்படுத்தி இரண்டாம் முறை பற்றவைக்க வேண்டும். அதுதான் நிற்கும். அப்புறம் அவசரமே கூடாது. புகை அதிகம் வரவேண்டும் என்று இழுத்தால் கிண்ணம் கொதிக்கும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார், சுட்டால் கீழே வை என்றார். அணைந்தால் வெட்கமில்லை, இன்னொரு குச்சி கிழித்தால் ஆயிற்று.

இதற்குப் போட்டியே நடத்துகிறார்களாம். எல்லோருக்கும் 3 கிராம் புகையிலை, இரண்டே தீக்குச்சி. கடைசிவரை யார் பைப்பு அணையாமல் இருக்கிறதோ அவரே வெற்றியாளர். கை தேர்ந்தவர்கள் அந்த 3 கிராமை இரண்டு மணி நேரத்துக்கு மேலும் கொண்டுபோவார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு என் அப்பாதான் கண்முன் நின்றார். அவர் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை செய்தவர். ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு, நாலைந்து நாள் விறகுப் புகை போடுவார்கள். நெருப்பு ஓங்கிவிட்டால் ஷீட்டு கொப்பளிக்கும், தீப்பிடித்தாலும் பிடிக்கும். தணிந்துவிட்டால் பூசணம் பிடிக்கும். எரியவும் கூடாது, அணையவும் கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய் விறகைத் தள்ளிவிட்டு வருவார். எத்தனை தடவை கதவைத் திறக்கலாம், எப்போது பச்சை விறகு சேர்க்கலாம் என்பது அவர் கைக்குத் தெரியும். துரை மட்டும் ஒரு நாள் புகைக்கூடத்து வாசலில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டிருந்தால், அந்தக் கிண்ணத்து விளிம்பு கருகியிருக்காது.

இதை நான் தமிழில் சொல்ல, பெண் பிரெஞ்சில் சொல்ல, முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரப்பரா? நீங்கள் ரப்பர் தோட்டத்துக்காரர்களா?" என்று கேட்டு, எங்கள் பைப்பின் வாய்க்குழாயைத் திருகிக் கழற்றினார். கறுப்பாக இருந்திருக்கவேண்டிய குழாய், வெயிலும் காற்றும் பட்டுப் பாசி நிறமாகிக் கிடந்தது. அதை உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்து என் மூக்கருகே நீட்டினார். கந்தக வாடை.

அது மரமுமில்லை, கொம்புமில்லை. எபோனைட். ரப்பரில் கொஞ்சம் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் டயர் ரப்பர்போல் உறுதிப்படும். கந்தகத்தை எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் கூட்டி நெடுநேரம் வேகவைத்தால் கருங்காலிபோல் கறுத்து இறுகிவிடும். முன்னதைக் கண்டவர் சார்ல்ஸ் குட்இயர். பின்னதற்கு 1851-ல் காப்புரிமை பெற்றவர் அவர் தம்பி நெல்சன். பல்லுக்கு இதமாக இருக்கும் என்று பைப்புக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது பிளாஸ்டிக் வகைகளும் வந்துவிட்டன.

துரை வாயில் கடித்துக்கொண்டிருந்தது பால்மரத்துப் பால்! எந்த நாட்டுத் தோட்டத்துப் பாலோ, அதை யாரும் சொல்ல முடியாது. ஆனால் விடிகாலை இருட்டில் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு போன யாரோ ஒருவர் சீவியது. முதியவர் பைப்பை மெருகுச் சக்கரத்தில் பிடித்து, குழாயின் பச்சையைப் போக்கிக் கறுப்பாக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவர் பையைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கிறீர்களா என்றபோது வேண்டாம் என்றேன். வெற்றிலையோடு புகையிலை போட்டுப் போட்டு வாய்ப்புற்று வந்து இறந்த என் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். அவரும் வற்புறுத்தவில்லை. தொழில் ஏன் சுருங்கியது என்று கேட்டபோது, "உங்களைப்போல் எல்லோரும் நல்ல புத்திக்காரர்களாகிவிட்டார்கள்" என்று தோளைக் குலுக்கினார். ஊர் முழுக்கப் பட்டறைகளாக இருந்த இடத்தில் இப்போது விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன.

மாலையில் தொழிலாளர் மாளிகையைப் பார்த்தோம். 1881-ல் இவ்வூர்த் தொழிலாளர்கள் மளிகைச் சாமான் வாங்கக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். லாபத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளாமல் பொதுவில் போட்டார்கள். 1910-ல் கட்டடமே எழுப்பிவிட்டார்கள். கடை, காப்பிக்கடை, நாடகக் கொட்டகை, அச்சகம் எல்லாம் அதற்குள். இப்போது அங்கே படமும் நாடகமும் நடக்கின்றன. நம்மவர்களும் 1960-ல் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவில் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கியவர்கள்தானே? அந்தக் கட்டடத்தின் படியில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஊரின் சதுக்கத்தைக் கடக்கும்போது அண்ணன் மகள் ஒன்றைச் சொன்னாள். 1944 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. ஜெர்மன் படை ஊர் ஆண்களை அங்கே வரச்சொல்லி, 300-க்கு மேற்பட்டவர்களைப் பிரித்தெடுத்துப் புக்கென்வால்ட் முகாமுக்கு அனுப்பியது. பலர் திரும்பவில்லை. சயாம் ரயில் போட ஆள் பிடித்துக்கொண்டு போன கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டவள் நான். இரண்டு பேரும் கார் வரை பேசாமல் நடந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கடைகளெல்லாம் சாத்திவிடுகிறார்கள். சோற்றைக் கட்டிக்கொண்டு போய்விடுங்கள். நாங்கள் ஆற்றங்கரையில் புளிச்சோறு சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விலைமதிப்பு இல்லாத சாமான் என்று உள்ளதைச் சொன்னேன். "அப்ப அவங்க தாத்தாவுக்குத் தெரியாமத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைப் பழைய இடத்தில் வைத்தாள். வாய்க்குழாயை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் பள்ளியைச் சுற்றி இப்போது செம்பனைதான். பால்மரத்தைக் கிட்டத்தில் பார்க்காத பிள்ளைகளே அதிகம். அறிவியல் பாடத்தில் அதைத் துணியால் தேய்த்து ஒவ்வொருவர் மூக்கிலும் காட்டினேன். "டீச்சர், பட்டாசு வாசம்!" என்றான் ஒருவன்.