தொடாமல் தொடங்கும் வேலை

சென்னை ரிச்சி தெருவுக்குப் பழைய ஹார்டு டிஸ்க்கை விற்க வருபவரையும், அதிலிருந்து டேட்டா எடுக்க வருபவரையும் பார்த்தவுடனே பிரித்துச் சொல்லிவிடலாம். விற்க வருபவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை கடையாக விலை விசாரிப்பார். டேட்டா எடுக்க வருபவர் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி நேராக மாடிப்படி ஏறுவார்.

அப்படி ஒரு மாடியில் இருக்கிறது நான் போயிருந்த பட்டறை. இரண்டு அறைகள், மூன்று பேர். மூத்தவர் ஐம்பதைத் தாண்டியவர். மானிட்டரும் பிளாப்பியும் பழுது பார்த்துத் தொழிலுக்கு வந்தவர். டிஸ்க்குகளைப் படித்து முழு நகல், அதாவது இமேஜ், எடுக்கிற இளைஞர் ஒருவர். எடுத்த இமேஜிலிருந்து டேட்டாபேஸை மீட்கிற பெண் ஒருவர். அடுத்தவர் கணக்குவழக்கில் புழங்குகிற தொழில் என்பதால் தங்கள் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அன்று வந்திருந்தவர் பாரிமுனைப் பக்கம் குழாயும் நட்டு போல்ட்டும் மொத்தமாக விற்கும் கடையின் கணக்கர். துண்டுக்குள் நான்கு டிஸ்க்குகள். முந்தைய நாள் மாலை மின்சாரம் போயிருக்கிறது, யுபிஎஸ் தாங்கவில்லை. மின்சாரம் திரும்பியபோது சர்வர் எழவில்லை.

"சார், சாயங்காலத்துக்குள்ள பில்லிங் ஓடிருமா?"

"அது இருக்கட்டும். க்ராஷ் ஆனப்புறம் எத்தனை தடவை ஆன் பண்ணிப் பாத்தீங்க?"

"ரெண்டு மூணு தடவை இருக்கும் சார். சர்வீஸ் பண்ற தம்பி வந்து ரீபில்டு கொடுத்துப் பாக்கலாம்னார். முதலாளிதான் வேணாம்னுட்டாரு."

"உங்க முதலாளி புண்ணியவான்" என்றார் மூத்தவர். பில்லிங் ஓடுமா என்ற கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை.

சர்வர் விழுவதில் போகிற டேட்டாவைவிட, விழுந்த பிறகு ஆளாளுக்குக் கை வைப்பதில் போகிற டேட்டா அதிகம் என்பது இங்கே மூவருடைய அனுபவமும். டேட்டாபேஸ் மென்பொருளை எழுதியவர்கள் மின்சாரம் போகும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். ஒரு பில்லைச் சேமிக்கும்போது அது உடனே அட்டவணைக் கோப்பில் தன் இடத்தில் போய் உட்காருவதில்லை. என்ன மாறப்போகிறது என்ற குறிப்பு முதலில் லாக் கோப்பில் எழுதப்படும். லாக் டிஸ்க்கில் பத்திரமாக இறங்கிய பிறகுதான் 'சேமிக்கப்பட்டது' என்ற பதில் வரும். அட்டவணையில் மாற்றம் பிறகு சாவகாசமாக நடக்கும். நடுவில் மின்சாரம் போனாலும் மறுபடி எழும்போது லாக்கைப் பார்த்து விட்டதைத் தொடரலாம்.

இந்த முறைக்கு முழு இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவர் சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன். ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது நான்கு சகாக்களோடு சேர்ந்து 1992-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, 'ஏரீஸ்' என்ற மீட்பு வழிமுறையை விளக்கியது. விழுந்து எழுந்த டேட்டாபேஸ் மூன்று சுற்று வேலை செய்ய வேண்டும் என்கிறது ஏரீஸ். விழுந்த நொடியில் எது எந்த நிலையில் இருந்தது என்று லாக்கை அலசுவது முதல் சுற்று. லாக்கில் இருக்கிற எல்லா மாற்றங்களையும் வரிசையாகத் திரும்பச் செய்வது இரண்டாவது. பாதியில் நின்றுபோன பரிவர்த்தனைகளைப் பின்னோக்கி அழிப்பது மூன்றாவது. ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எல்லாம் இந்த வழியில் வந்தவை. கணக்கரின் கடையில் ஓடிய மைஎஸ்க்யூஎல்லும் லாக்கை முன்னால் எழுதும் அதே கொள்கையில்தான் இயங்குகிறது.

அப்படியென்றால் துண்டில் சுற்றி ஏன் இங்கே வர வேண்டும்? லாக்கும் அட்டவணையும் ஒரே டிஸ்க்கில் இருந்து, அந்த டிஸ்க்கே கெட்டுப்போனால் ஏரீஸால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது.

இளைஞர் நான்கு டிஸ்க்குகளிலும் மார்க்கரால் எண் போட்டு, சர்வரில் எது எந்த இடத்தில் இருந்தது என்று கணக்கரிடம் கேட்டார். கணக்கர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கழற்றுவதற்கு முன்னால் முதலாளி எடுக்கச் சொன்ன படமாம். "ரெண்டாவது புண்ணியம்" என்றார் மூத்தவர்.

ஒவ்வொரு டிஸ்க்கும் எழுதுவதைத் தடுக்கும் கருவி வழியாக இணைக்கப்பட்டது. படிக்க மட்டும்தான் முடியும். தவறிக்கூட ஒரு பைட் எழுத முடியாது. பிறகு இமேஜ் எடுப்பது. டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே உண்டு. சாதாரணமாகக் கோப்பை நகலெடுக்கும்போது ஒரு பேட் செக்டர் வந்தால் கணினி அங்கேயே நின்று முட்டிக்கொண்டிருக்கும். தட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் ஹெட் நலிந்திருந்தால் அந்த முட்டலிலேயே செத்துவிடும். டிடிரெஸ்க்யூ அடம் பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் போய், நன்றாக இருக்கிற பகுதிகளை முதலில் வாரிக்கொள்ளும். எது வந்தது, எது வரவில்லை என்று தனிக்கோப்பில் குறித்து வைத்து, கடைசியில் கெட்ட இடங்களின் ஓரங்களை இரு பக்கமிருந்தும் சுரண்டும்.

ஒன்றும் மூன்றும் சுத்தமாக வந்தன. இரண்டும் வந்தது. நான்காவது டிஸ்க் நடுவழியில் இழுக்க ஆரம்பித்தது. இளைஞர் காதை டிஸ்க்கின் பக்கம் கொண்டுபோய்க் கேட்டார். டிக் டிக் என்று சத்தம் வந்தால் ஹெட் போய்விட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, தூசி வடிகட்டிய காற்று ஓடும் மேடையில் திறந்து, அதே மாடல் 'டோனர்' டிஸ்க்கிலிருந்து ஹெட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தூசி போதும், தட்டில் கோடு விழ. இது வேறு சத்தம் என்றார். மெதுவாகப் படிக்கும்படி மாற்றிவிட்டு இரவு முழுவதும் ஓட விட்டார். சில நூறு செக்டர்கள் தவிர மற்றவை வந்துவிட்டன.

ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் மூத்தவர் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேசினார். தண்ணீரில் கிடந்த டிஸ்க்குகளை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தார்களாம். "அப்படியே ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டாந்தவங்களுக்கு நிறைய எடுத்துக் குடுத்தோம். காய வெச்சா சேறு தட்டுமேல அப்பிக்கும். பாவம், நல்லது செய்றதா நெனச்சுதான் காய வெச்சாங்க." 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் அதே கதை நடந்திருக்கிறது.

மறுநாள் வேலை அந்தப் பெண்ணின் மேசைக்கு வந்தது. அசல் டிஸ்க்குகள் பீரோவுக்குப் போய்விட்டன. இனி எல்லாமே நகலின் மீதுதான். நான்கு டிஸ்க்கும் ரெய்டு 5 அமைப்பில் இருந்தவை. டேட்டாவைத் துண்டு துண்டாக்கி எல்லாவற்றிலும் பரப்பி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சரிபார்ப்புத் துண்டையும் சேர்த்து வைக்கும் ஏற்பாடு. ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றை வைத்து அதைக் கணக்கிட்டுவிடலாம். நான்கிலும் ஒரே இடத்தில் இருக்கும் பிட்களை எக்ஸ்ஓஆர் செய்தால் பூஜ்யம் வர வேண்டும். அவர் ஓட்டிப் பார்த்தார். பல இடங்களில் பூஜ்யம் வரவில்லை.

"அண்ணே, ஒண்ணு பழசு" என்றார் மூத்தவரைப் பார்த்து.

ஒவ்வொரு இமேஜிலும் பில் தேதிகளைத் தேடினார். மற்ற மூன்றில் நேற்று முன்தினம் வரை தேதிகள் இருந்தன. இரண்டாவதில் பல மாதங்களுக்கு முன்பே நின்றுவிட்டது. அன்றே அந்த டிஸ்க் அமைப்பிலிருந்து கழன்றுவிட்டது. மூன்று டிஸ்க்கை வைத்துக்கொண்டு சர்வர் சத்தமில்லாமல் ஓடியிருக்கிறது. உண்மையில் சத்தம் இருந்திருக்கிறது. "கொஞ்ச நாள் பீப் பீப்னு கத்திட்டே இருந்துச்சு மேடம். தொந்தரவா இருக்குன்னு ஆஃப் பண்ணச் சொல்லிட்டோம்" என்றார் கணக்கர் போனில்.

சர்வீஸ் தம்பி ரீபில்டு கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பழைய டிஸ்க்கை நல்லது என்று நம்பி, நலிந்த நான்காவதை அதிலிருந்து கணக்கிட்டு எழுதியிருந்தால், புதுக் கணக்கும் பழைய கணக்கும் கலந்து எந்தக் கடையிலும் பிரிக்க முடியாதபடி ஆகியிருக்கும். இரண்டாவது டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்று இமேஜ்களையும் கணினிக்குள்ளேயே கோத்தபோது கோப்புகள் தெரிந்தன.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு அந்தப் பெண் அடிக்கடி சொல்லும் உதாரணம் உள்ளூர்க் கதை அல்ல. 2017 ஜனவரி 31 இரவு, உலகமெங்கும் மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தில் நடந்தது அது. இரண்டு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர்கள். ஒன்று முதன்மை, மற்றது அதன் நகல். தளத்தில் சுமை ஏறி, நகல் பின்தங்கிவிட்டது. நீண்ட வேலை நாளின் முடிவில் இருந்த பொறியாளர் ஒருவர், நகலின் டேட்டா அடைவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நினைத்தார். கட்டளையை முதன்மைச் சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் கவனித்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பேக்கப் எடுக்க அங்கே பல ஏற்பாடுகள் இருந்தன. தினசரி பேக்கப் எடுக்கும் நிரல், போஸ்ட்கிரெஸ் 9.6-க்கு 9.2 பதிப்புக் கருவியைப் பயன்படுத்திப் பிழையோடு நின்றுகொண்டிருந்தது. தோல்வி என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களைப் பெறும் சர்வர், கையொப்பம் சரியில்லை என்று நிராகரித்துவிட்டது. சேமிப்பு இடத்தைத் திறந்து பார்த்தால் காலி. டிஸ்க் ஸ்னாப்ஷாட் டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. கடைசியில் காப்பாற்றியது, சோதனை வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் யதேச்சையாகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். அதை மெதுவான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் கிட்லேப் செய்த காரியம்தான் தொழிலில் பேசப்படுகிறது: மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், குறிப்புகளை எல்லாரும் படிக்கத் திறந்து வைத்தார்கள். பிறகு வெளியிட்ட அறிக்கையில் அழித்தவரின் பெயர் இல்லை. சுமார் 5,000 திட்டங்கள், 5,000 பின்னூட்டங்கள், 700 பயனர் கணக்குகள் திரும்பவில்லை.

"அவங்ககிட்ட அஞ்சு வழி இருந்துச்சு, பேக்கப்பை ஒழுங்கா சோதிச்சுப் பாக்கல. நம்ம ஊரு கடைக்கு ஒரு வழிகூட இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றபடி அவர் மைஎஸ்க்யூஎல்லைக் கிளப்பினார். கிளம்பவில்லை. பக்கம் சேதம் என்று சொல்லி நின்றது.

மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி அட்டவணைகள் 16 கேபி பக்கங்களாக அடுக்கப்பட்டவை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சரிபார்ப்புத் தொகை உண்டு. நான்காவது டிஸ்க்கில் வராத செக்டர்கள் எந்தப் பக்கத்தில் விழுந்தனவோ, அங்கே தொகை பொருந்தாது. இதற்குக் 'கட்டாய மீட்பு' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1 முதல் 6 வரை. எண் கூடக்கூட மென்பொருள் தன் பாதுகாப்புச் சோதனைகளை ஒவ்வொன்றாகக் கைவிடும். 4 அல்லது அதற்கு மேல் போட்டால் கோப்பு நிரந்தரமாகக் கெடலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் இதற்கு ஈடான கட்டளையின் பெயரிலேயே 'டேட்டா போனாலும் பரவாயில்லை' என்ற பொருள் இருக்கிறது. அனுபவம் இல்லாதவர்கள் எடுத்த எடுப்பில் 6 போடுவார்கள். அவர் 1 போட்டார். எழுந்தது.

அட்டவணை அட்டவணையாக வெளியே இறக்கினார். வாடிக்கையாளர், சரக்கு, விலைப்பட்டியல் எல்லாம் வந்தன. பில் வரிகள் இருக்கும் பெரிய அட்டவணை ஓர் இடத்தில் அறுந்தது. முதல் எண்ணிலிருந்து அறுந்த இடம் வரை ஒரு தடவை எடுத்தார். கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வந்து, அறுந்த இடத்தின் மறுகரை வரை இன்னொரு தடவை எடுத்தார். நடுவில் இடைவெளி சுருங்கிச் சுருங்கிச் சில பக்கங்களில் வந்து நின்றது. அடுத்து அவர் செய்ததைத்தான் மூத்தவர் எழுந்து வந்து பார்த்தார். பில் எண்ணுக்குத் தனியாக ஓர் இண்டெக்ஸ் இருந்தது; அது டிஸ்க்கில் வேறு பக்கங்களில் இருப்பதால் பிழைத்திருந்தது. அதை மட்டும் படிக்கும்படி கேள்வியை எழுதினார். வரிகள் போனாலும், போனவை எந்தெந்த பில்கள் என்ற பட்டியல் கிடைத்துவிட்டது.

பட்டியல் கையில் இருந்தால் மிச்ச வேலை கணக்கருடையது. 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். இந்தக் கடையும் அதில் வரும். போன பில்களில் பெரும்பாலானவற்றை அங்கிருந்தே இறக்கிக்கொண்டார்கள். சில்லறை பில்கள் சிலவற்றுக்கு மட்டும் விற்பனையாளர்களின் வாட்ஸ்அப்பைத் துழாவ வேண்டியிருந்தது.

டேட்டாவை வாங்க முதலாளியே வந்தார். தொகையைக் கேட்டு ஒரு கணம் யோசித்தார், பேரம் பேசவில்லை. இனி தினமும் பேக்கப் எடுக்கும்படி சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"எடுக்கறது இருக்கட்டும் சார். மாசத்துக்கு ஒரு தடவை வேற ஒரு சிஸ்டத்துல ஏத்தி, நேத்து பில்லு தெரியுதான்னு பாக்கச் சொல்லுங்க" என்றார் அந்தப் பெண்.

"அதுக்கு ஒரு சிஸ்டம் தனியா வாங்கணுமா?" என்று கேட்டார் முதலாளி. மூத்தவர் கீழே எந்தக் கடையில் கேட்டால் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லி, சீட்டில் எழுதியும் கொடுத்தார்.